கோடிட்ட இடம் எங்கே வர வேண்டும்?

கேள்வி: வணக்கம் டீச்சர். கோத்தகிரி பக்கத்தில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். நான் நர்சிங் முடித்துவிட்டு குன்னூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காக ஆன்லைனில் ஜப்பானியம் படிக்கிறேன். டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை எழுதுகிறேன். ஒரு பக்கம் ஜப்பானியச் சொல், மறுபக்கம் தமிழ் அர்த்தம் என்று 600 அட்டை வைத்திருக்கிறேன். சொல் தெரிகிறது, வாக்கியம் வாயில் வரவில்லை. நி, தெ, க, ஒ என்ற உருபுகள் எல்லாம் மாறி மாறிப் போகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பும் அட்டை செய்தால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, பாடப்புத்தக வாக்கியங்களில் ஐந்தாவது சொல்லை எல்லாம் மறைத்து 150 அட்டை செய்தேன். சிலவற்றுக்கு விடையே தோன்றவில்லை. சிலவற்றுக்கு நான் சொல்வதும் சரிதானே என்று படுகிறது. மற்றவற்றில் அட்டையைப் பார்த்ததுமே விடை வந்துவிடுகிறது, ஆனால் பேசும்போது வருவதில்லை. எங்கே தப்பு? பேப்பர் அட்டை நல்லதா, போனா? ஒரு நாளைக்கு எத்தனை? பஸ்ஸில் போக வர ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்த முடியுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். வேலைக்கும் போய்க்கொண்டு 750 அட்டை செய்திருக்கிறீர்கள் என்றால் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. கோடு போட்ட இடம்தான் தவறு.

ஐந்தாவது சொல்லை மறைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1953இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்பவர், எழுதிய ஒரு பகுதி படிப்பவருக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளக்க ஒரு முறையை வெளியிட்டார். எண்ணிக்கை வைத்துச் சொற்களை மறைப்பது, படிப்பவரை நிரப்பச் சொல்வது, எத்தனை சரியாக வந்தது என்று பார்ப்பது. அந்த முறைக்கு அவர் வைத்த பெயர்தான் 'க்ளோஸ்'. போனில் கிடைக்கும் அட்டைச் செயலியில் இருக்கும் க்ளோஸ் என்ற சொல்லும் அதுதான். அளப்பதற்காக வந்த முறை என்பதால் எந்தச் சொல் மறைந்தாலும் அவருக்குச் சரி. நீங்கள் கற்றுக்கொள்ள வந்தவர். தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும், இறக்காது என்பது நர்ஸான உங்களுக்குத் தெரியும். எண்ணி மறைத்த அட்டையும் அப்படித்தான். சில நேரம் ஊர்ப் பெயர் மறைந்திருக்கும், சில நேரம் 'நேற்று' மறைந்திருக்கும். அதை எப்படி ஊகிப்பது? விடை தோன்றாததற்குக் காரணம் உங்கள் நினைவாற்றல் இல்லை.

சரி, அப்படியானால் கோடு எங்கே வர வேண்டும்? உங்கள் தமிழ் உங்களைத் தவறான சொல்லுக்கு இழுத்துப் போகிற இடத்தில். இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் நான் கண்டது இது ஒன்றுதான். இதை நான் கற்றுக்கொண்ட நாளைச் சொல்கிறேன்.

நான் படிப்பை முடித்த புதிது. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு வந்த ஒரு ஜப்பானியக் குழுவுக்கு உதவியாகப் போயிருந்தேன். மழை ஈரத்தில் ஒரு பெரியவர் படியில் சறுக்கி விழுந்துவிட்டார். ஓடிப்போய், "தொகோ நி இதாய் தெஸ் கா" என்று கேட்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டதாக என் நினைப்பு. அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பெஞ்சைக் காட்டினார். தூக்கி அங்கே உட்கார வைத்தோம். வலி அவருடைய மணிக்கட்டில். அது வீங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். 'இதாய்' என்றால் வலிக்கிறது. 'இரு' என்ற ஜப்பானிய வினையிலிருந்து வரும் இன்னொரு 'இதாய்' உண்டு, அதற்கு இருக்க வேண்டும்போல் இருக்கிறது என்று பொருள். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் 'க' வந்தால் எங்கே வலிக்கிறது. 'நி' வந்தால் எங்கே இருக்க விரும்புகிறீர்கள். நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். தமிழில் 'எங்கே' என்று இடத்தைக் கேட்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் என்னை 'நி'யில் கொண்டுபோய் விட்டது. அந்த வாக்கியத்தின் எல்லாச் சொல்லும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தவைதான். உங்களிடம் உள்ள 600 அட்டையைப் போல.

அதனால் உங்கள் முதல் அட்டை இப்படி இருக்கட்டும். மேலே தமிழில்: எங்கே வலிக்கிறது? கீழே: தொகோ ____ இதாய் தெஸ் கா. பின்பக்கம்: க. (இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் அட்டையில் ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவிலேயே எழுதுங்கள். தமிழில் 'க' ஒன்றுதான். இந்த வாக்கியத்தின் நடுவில் வருவதும் கடைசியில் வருவதும் ஜப்பானியத்தில் வெவ்வேறு ஒலி, வெவ்வேறு எழுத்து. 'வ' என்று படிக்கும் உருபை 'ஹ' எழுத்தால் எழுதுவார்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பழகினால் தேர்வுத் தாளில் அது தெரியாமல் நிற்பீர்கள்.)

தமிழ் வரியை மேலே எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழ் வரி இல்லாத அட்டையில் நீங்கள் ஊகிக்கிறீர்கள். தமிழ் வரி இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் கேள்வி. நாளைக்கு ஒரு பாட்டி முன்னால் நிற்கும்போதும் அதே நிலைதானே?

இப்போது நீங்கள் தினமும் போகிற பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். பஸ்ஸில் ஏறினேன், பஸ்ஸில் போனேன். தமிழில் இரண்டுமே 'இல்'. ஜப்பானியத்தில் ஏறுவதற்கு நி: பஸு நி நொரிமாஷிதா. போவதற்கு தெ: பஸு தெ இகிமாஷிதா. இறங்குவதற்கு நாம் 'பஸ்ஸிலிருந்து' என்போம். அங்கே ஒ: பஸு ஒ ஒரிமாஷிதா. ஒரே பஸ், மூன்று உருபு. இதுதான் மூன்று அட்டைக்குத் தகுதியான இடம். அதே மாதிரி, கோத்தகிரியில் வசிக்கிறேன், கோத்தகிரியில் வேலை செய்கிறேன். முதலாவதற்கு நி, இரண்டாவதற்கு தெ. இருப்பதற்கு நி, செயலுக்கு தெ என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். விதி தெரிந்தாலும் வாய் 'இல்'லைத்தான் தேடும். வாயைப் பழக்கத்தான் அட்டை.

தோழியைச் சந்தித்தேன் என்பதில் நமக்கு 'ஐ', அவர்களுக்கு நி. மாத்திரை சாப்பிட்டீர்களா என்கிறோம். அவர்கள் மாத்திரையையும் குடிக்கிறார்கள், குசுரி ஒ நொமிமாஸ். இங்கே உருபை விட்டுவிட்டு வினையை மறையுங்கள், ஏனென்றால் தமிழ் இழுப்பது வினையில். தேயிலைத் தோட்டத்தில் மாடு இருக்கிறது, பைக் இருக்கிறது. நமக்கு இரண்டும் 'இருக்கிறது'தான். அங்கே மாட்டுக்கு இமாஸ், பைக்குக்கு அரிமாஸ். மறைக்க வேண்டியது கடைசிச் சொல்.

நீங்கள் குழம்புவதாகச் சொன்ன 'க'வுக்குத் தமிழிலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குத் தலை வலிக்கிறது. தமிழில் 'எனக்கு' என்று தொடங்கும் இப்படிப்பட்ட வாக்கியங்கள் ஜப்பானியத்தில் பெரும்பாலும் 'க' எடுக்கும். வதாஷி வ அதமா க இதாய் தெஸ், எனக்குத் தலை வலிக்கிறது. இந்த நாலு வகைக்கும் இரண்டிரண்டு அட்டை செய்யுங்கள். 'வ'வா 'க'வா என்று கேட்கும் மற்ற அட்டைகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பல இடங்களில் இரண்டுமே வரலாம், பேசுகிறவர் எதை அழுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. ஒற்றை வாக்கியம் உள்ள அட்டையில் அதைக் கேட்பது நியாயமில்லை.

நான் சொல்வதும் சரிதானே என்று படுவதாக எழுதியிருந்தீர்கள். பல இடங்களில் நீங்கள் சொல்வதும் சரியாகவே இருக்கும். 'நிஹொன் ____ இகிமாஸ்' என்று மறைத்தால் நி, எ இரண்டும் சரி. இப்படி ஒரு அட்டை வைத்திருந்தால் நீங்கள் சரியாகச் சொன்ன நாளில் தவறு என்று மனதில் பதியும், அது தெரியாததைவிட மோசம். ஒரு கோட்டுக்கு ஒரே விடை. அப்படி வராத வாக்கியத்தைக் கிழித்துப் போடத் தயங்காதீர்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு என்பதும் அதே காரணத்துக்குத்தான். மூன்று கோடு போட்டால் மீதி இருக்கும் வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். மறைத்த சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும்.

வாக்கியத்தை நீங்களே உருவாக்க வேண்டாம். ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் என்4 நிலையில் நாம் எழுதுவதில் பிழை இருந்தால் அதையே ஐம்பது முறை பார்த்து மனப்பாடம் செய்துவிடுவோம். பாடப்புத்தக வாக்கியத்தை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுங்கள், அல்லது உங்கள் ஆசிரியர் திருத்திக் கொடுத்ததை எடுங்கள். 'ஹஹா வ சாபதகே தெ ஹதராயிதெ இமாஸ்', அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். இதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். சொந்தக் கதை மறக்காது.

தமிழ் நம்மைக் கைவிடாத இடமும் நிறைய உண்டு. அங்கே அட்டையைக் குவிக்க வேண்டாம். சாப்பிட்டுப் பார் என்கிறோம்; அவர்களும் தபெதெ மிரு, அந்த 'மிரு'வுக்கும் பார் என்றுதான் பொருள். மருந்தை எடுத்து வைக்கிறேன் என்பது குசுரி ஒ தாஷிதெ ஒகிமாஸ், 'ஒகு' என்றால் வை. மறந்துவிட்டேன் என்பதில் நம்முடைய 'விடு' செய்யும் வேலையை அங்கே 'ஷிமாவு' செய்கிறது. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிக்கிறவர்கள் வாரக்கணக்கில் போராடும் பாடம் இது. நமக்கு வாய்க்குள்ளேயே இருக்கிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்றே எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படிப் போனாலும் இந்த வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதை என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். வகைக்கு ஒரு அட்டை போதும், மிச்ச நேரத்தை 'இல்' மேல் செலவிடுங்கள்.

அட்டையைப் பார்த்ததும் விடை வருகிறது, பேச்சில் வரவில்லை என்பது அடுத்த சிக்கல். அட்டையின் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஓரம் மடிந்த அட்டைக்கு நி, மசி ஊறிய அட்டைக்கு தெ என்று கண் பதில் சொல்கிறது. இதற்கு இரண்டு வழி. ஒரு விஷயத்துக்கு மூன்று வெவ்வேறு வாக்கியம் வையுங்கள்: பஸ்ஸில் ஏறுவது, ரயிலில் ஏறுவது, சைக்கிளில் ஏறுவது. இன்னொன்று, விடையை மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பாதீர்கள். முழு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். 'நி' என்று முனகிவிட்டு அடுத்த அட்டைக்குப் போவதால்தான் வாக்கியம் வாயில் வராமல் இருக்கிறது. லைன் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் என்றால் உதட்டை அசைத்தாவது சொல்லுங்கள். அப்புறம், நி அட்டையையும் தெ அட்டையையும் ஒரே நாளில் புதிதாகச் சேர்க்க வேண்டாம். நி ஒரு வாரம் ஊறட்டும். பிறகு தெ. அதற்குப் பிறகு கலந்து வையுங்கள்.

பேப்பரா போனா? உங்களுக்கு இரண்டும் வேண்டும் என்பேன். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் வெளியிட்ட பெட்டி முறை இன்றைக்கும் நல்லதுதான்: ஐந்து அறை, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், பின் அறைகளை நாள் விட்டுப் பாருங்கள். பிஸ்கட் டின்னில் அட்டைத் தடுப்பு வைத்தால் போதும். ஐப்பசி மழையில் நம் பக்கம் காகிதம் எல்லாம் நமுத்துப்போகும், அதனால் மூடி உள்ள டின்னாக இருக்கட்டும். புதிய அட்டையைக் கையால் எழுதும்போது ஹிரகானாவும் படியும்.

போனில் அன்கி என்ற அட்டைச் செயலி. டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்டது. பெயரே ஜப்பானியச் சொல், மனப்பாடம் என்று பொருள். ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனில் காசு. எந்த அட்டையை எப்போது காட்டுவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும், ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத வளைவிலும் ஓடும். அதில் க்ளோஸ் வகையைத் தேர்ந்து, மறைக்க வேண்டிய எழுத்தைத் தொட்டு அடைப்புக்குறி பொத்தானை அழுத்தினால் சி1 என்று வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தை மறைக்க விரும்பினால் இரண்டாவதற்கு சி2 என்று எண் மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் சி1 இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் மறையும். சி1, சி2 என்றால் தனித்தனி அட்டையாக வரும். உங்கள் 150 அட்டையைப் போனில் செய்திருந்தால் இதை முதலில் சரிபாருங்கள்.

பஸ் நேரம். மலைப்பாதையில் குனிந்து போனைப் படித்தால் குமட்டும், வேலைக்குப் போய்ச் சேரும்போது தலை கனக்கும். அங்கே கண்ணுக்கு வேலை வேண்டாம், காதுக்குக் கொடுங்கள். என்4இல் மொத்தம் 180 மதிப்பெண், தேர்ச்சிக்கு 90 வேண்டும். அதில் கேட்டல் மட்டும் 60, அதிலும் 19க்குக் குறைந்தால் மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தேர்ச்சி இல்லை. உங்கள் ஆசிரியரிடம் இருபது வாக்கியங்களைக் குரல் பதிவாகக் கேளுங்கள்: உருபு வரும் இடத்தில் மூன்று நொடி நிறுத்தம், பிறகு முழு வாக்கியம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அந்த மூன்று நொடியில் மனதுக்குள் நிரப்புங்கள். அதுவும் கோடிட்ட இடம்தான். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் போகும்போது மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்து திரும்பும்போது உடம்புக்கு ஓய்வு வேண்டும்.

எண்ணிக்கை: ஒரு நாளைக்கு எட்டு புதிய அட்டை, ஞாயிறு விடுமுறை. அன்கி தானாகவே 20 என்று வைத்திருக்கும், அதைக் குறைத்துவிடுங்கள். முதல் வாரம் இருபது சுலபமாகத்தான் தெரியும். மூன்றாவது வாரம் பழைய அட்டைகள் திரும்பி வந்து நூறைத் தாண்டும், அப்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் புதிய அட்டையே வேண்டாம்.

என்4 இலக்கணப் பகுதியிலும் கோடிட்ட இடம் வரும், நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உங்கள் அட்டையில் நாலு விடை எழுதாதீர்கள். கொடுத்ததில் ஒன்றை அடையாளம் காண்பது ஒரு திறமை, ஒன்றுமில்லாமல் வரவழைப்பது வேறு திறமை. இரண்டாவது இருந்தால் முதலாவது தானாக வரும். தேர்வில் பேசச் சொல்ல மாட்டார்கள், பராமரிப்பு இல்லத்தில் பேசியே ஆக வேண்டும். 2019இல் ஜப்பான் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' என்ற வேலை விசாவில் போவதானால் என்4 தவிர பராமரிப்புப் பணிக்கான ஜப்பானிய மொழித் தேர்வும் திறன் தேர்வும் தனியாக எழுத வேண்டும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் எட்டு அட்டையையும் உங்கள் வேலையிலிருந்தே எடுங்கள்: வலி, மருந்து, குளியல், எழுந்து உட்காருவது, தண்ணீர் கேட்பது.

பழைய 600 அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு கட்டாகப் பிரியுங்கள். பொருட்களின் பெயர் எல்லாம் ஒரு கட்டு. அவை இருக்கிறபடி இருக்கட்டும், குடைக்கும் கட்டிலுக்கும் கோடிட்ட இடம் தேவையில்லை. வினைச்சொற்கள் இன்னொரு கட்டு. ஒவ்வொரு வினையும் எந்த உருபோடு வரும் என்று பாடப்புத்தகத்தில் பார்த்து, தமிழோடு ஒத்துப்போனால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். ஒத்துப்போகாதவற்றை மட்டும் வாக்கியமாக மாற்றுங்கள். முதல் இருபதை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், விடை ஒன்றுதானா என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன்.